தானாக வந்த டிரைவர்

எதுக்கும் அக்கா பிறந்தவுடன் அழவில்லையாம். பிரசவம் பார்த்த நர்ஸை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, கை கழுவியிருக்கிறாளா என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாளாம். யார் சொன்னது என்று கேட்டுவிடாதீர்கள். சொன்னவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறவர்கள், அவ்வளவுதான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கும் அலுவலகத்துக்கும் அவள் எதுக்கும் அக்காதான். "எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்" என்பது மூச்சுக்கு முந்நூறு முறை அவள் வாயில் வருவது. வீட்டைப் பூட்டுவாள், எதுக்கும் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், பாதிப் படி இறங்கிவிட்டு எதுக்கும் திரும்ப ஏறுவாள். கூப்பிடாமலே லிஃப்ட் வந்து கதவைத் திறந்தால் ஏறமாட்டாள். "நான் பட்டனே அழுத்தலையே, இது எதுக்கு வந்து நிக்குது?" என்று படிக்கட்டு வழியாக நடப்பாள். அவள் கணவரைக் கேட்டால், "கல்யாணம் ஆகி இவ்வளவு வருஷமாச்சு, என்னை இன்னும் டிரையல்லதான் வெச்சிருக்கா" என்பார்.

டைல்ஸ் கடை மாடியில் ஓர் இன்ஜினியரின் அலுவலகம். கீழே கல் அறுக்கும் சத்தம், மேலே ஏசியின் முனகல். இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் ஆட்களை நடக்கவைப்பதுதான் அங்கே அக்காவின் வேலை. வரைபடத்தை வாங்கிக் கம்ப்யூட்டரில் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, வெயிலை உள்ளே விழவைத்து, வாசலில் ஒரு செடியும் நட்டுவிடுவாள். வீட்டுக்காரர் திரையைப் பார்த்தபடியே ஹாலில் இருந்து சமையலறைக்குப் போய், "சிங்க் இந்தப் பக்கம் வேண்டாமே" என்று சொல்லலாம். அஸ்திவாரத்துக்கு இன்னும் குழிகூடத் தோண்டியிருக்கமாட்டார்கள். அவள் கட்டும் திரை வீடுகளில் எல்லாக் கதவுகளுக்கும் தாழ்ப்பாள் இருக்கும். குளியலறைக்கு இரண்டு.

இந்த மாயத்தை எல்லாம் நடத்துவது கம்ப்யூட்டருக்குள் செங்கல் கனத்தில் உட்கார்ந்திருக்கும் கிராபிக்ஸ் கார்டு. அது ஒரு மொழி பேசும், கம்ப்யூட்டர் வேறொரு மொழி பேசும். நடுவில் நின்று ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கடத்தும் மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அந்த டிரைவருக்கு அடிக்கடி புதுப் பதிப்பு வரும். தானாகவே வந்து ஏறிக்கொள்ளும்படியும் விடலாம், நாமே பார்த்துப் போட்டுக்கொள்ளவும் செய்யலாம்.

அக்கா எந்தக் கட்சி என்று சொல்லவே வேண்டாம். புதுப் பதிப்பு வந்தால் உடனே தொடமாட்டாள். "முதல்ல ஊர்ல நாலு பேர் போட்டுப் பார்த்து அழட்டும்" என்பாள். அழுதவர்கள் இணையத்தில் எழுதிவைத்த புலம்பல்களை எல்லாம் படிப்பாள். பிறகு பழையதை ஒரு பென்டிரைவில் காப்பாற்றி வைத்துவிட்டு, வேரோடு நீக்கி, புதியதைப் போட்டு, ஏற்கெனவே கட்டிய ஒரு மாடிப்படியில் நிழல் ஒழுங்காக விழுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள்.

இன்ஜினியருக்கு இந்தச் சடங்கைக் கண்டாலே எரிச்சல். "உலகமே தானா அப்டேட் ஆகுது. நீங்க மட்டும் பொண்ணு வீட்டுக்காரங்க மாதிரி விசாரிச்சுக்கிட்டே இருக்கீங்க" என்பார். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அக்கா ஒரு முறை விசாரித்து விசாரித்தே பழைய டிரைவரைக் கட்டி அழுததில், புதிதாக வாங்கிய வடிவமைப்பு மென்பொருள் "உங்களோடு எனக்குப் பேச்சு இல்லை" என்று திறக்கவே மறுத்துவிட்டது. அன்றைக்கே அவர், "இனிமே தானாத்தான் வரும்" என்று அமைப்பை மாற்றிவைத்துவிட்டார். அக்கா அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் எதிரே, தெரியாத ஆள் தங்கியிருக்கும் வீட்டில் சாப்பிடுகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எதையும் 'அது' என்று சொல்லமாட்டாள். கார்டு அவளுக்கு 'மகராசி'. மென்பொருள் எல்லாம் 'அவன்', 'இவன்'. "இவன் தொங்கிட்டான்", "அவன் திறக்க மாட்டேங்கிறான்" என்றுதான் பேச்சு. வினை இந்த 'அவன்' வழியாகத்தான் வந்தது.

ஏனென்றால் அந்த அலுவலகத்தில் சாப்பிட்டு, தூங்கி, மூச்சு விடுகிற டிரைவர் ஒருவனும் இருந்தான். அக்காவின் கொழுந்தன். முன்பு வேன் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் கண் மங்கி நின்றுகொண்டதும், அக்காதான் சிபாரிசு செய்து கொழுந்தனைச் சேர்த்துவிட்டாள். இன்ஜினியர், "கொஞ்ச நாள் ஓட்டட்டும், பிடிச்சா நிரந்தரம் பண்ணிடலாம்" என்று சொல்லியிருந்தார். கொழுந்தனுக்கு அந்த நிரந்தரம் என்ற வார்த்தையில்தான் உயிர். இதற்கு முன்னால் பார்த்த இரண்டு வேலைகளும் சொல்லாமல் கொள்ளாமல் போனவை.

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டும் வேலை வரும்போல் இருந்தது. மறுநாள் மத்தியானம் கம்ப்யூட்டரையே வேனில் ஏற்றிக்கொண்டு போய், நிர்வாகிகளுக்குத் திரையில் காட்டவேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அக்கா கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். வராந்தா தாண்டி மாடிப்படியில் கால் வைத்ததும் திரை கறுத்தது. கண் சிமிட்டும் நேரத்தில் திரும்ப வந்தது. மறுபடி படி, மறுபடி இருட்டு. உள்ளே போய்ப் பார்த்தால் டிரைவர் புதுசு. யாரையும் கேட்காமல் அன்றைக்குத்தான் வந்து ஏறியிருக்கிறது.

மறுநாள் காலையில் தன் மாடி வீட்டுச் சமையலறையில் ஒரு கையில் காபியும் ஒரு கையில் போனுமாக அக்கா இன்ஜினியரிடம் பேசினாள். ஜன்னலுக்கு நேர் கீழே, கீழ் வீட்டில் குடியிருக்கும் கொழுந்தன் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சார், எல்லாப் பிரச்சினையும் புது டிரைவரால வந்ததுதான். எனக்கு அவன் மேல முதல்ல இருந்தே நம்பிக்கை இல்ல... ஆமா சார், நடுவழியில கண்ணை மூடிடறான். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள அவனைத் தூக்கிடறேன். ஒரு தடயம் இல்லாம தூக்கணும், இல்லன்னா திரும்ப வந்து ஒட்டிக்குவான். பழையவனையே கொண்டுவந்துடலாம். வயசானவன்தான், ஆனா கவுத்துவிட மாட்டான்."

கொழுந்தன் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. உள்ளே போய் மனைவியிடம் சொன்னான். அவள் எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதில் கைதேர்ந்தவள்.

"நான்தான் சொன்னேனே! உங்க அண்ணி நம்ம வீட்டுக்கு வந்தா, குடிக்கிற தண்ணியையே வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பாங்க. உங்களை மட்டும் நம்பிடுவாங்களா?"

"அண்ணிதானே என்னைச் சேர்த்துவிட்டாங்க?"

"சேர்த்துவிட்டாத்தானே வெளிய தள்ள முடியும்!"

அலுவலகத்துக்குப் போகும் வழியில் அக்கா வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்து, போனில் புதுப் பதிப்பைப் பற்றிய புலம்பல்களைப் படித்துக்கொண்டு வந்தாள். கொழுந்தன் தொண்டையைச் செருமினான்.

"ஏன் அண்ணி, புது டிரைவர் அப்படி என்ன தப்பு பண்ணிட்டான்?"

"உனக்கும் தெரிஞ்சுபோச்சா தம்பி? படிக்கட்டுன்னு வந்தா போதும், அப்படியே இருட்டிக்கிட்டு வருது அவனுக்கு."

"படிக்கட்டா? நான்... அவன் எங்க படிக்கட்டுப் பக்கம் போனான்?"

"நேத்துகூட மூணு தடவை போனானே."

கொழுந்தன் நேற்று எங்கெல்லாம் போனோம் என்று யோசித்தான். "ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாமே அண்ணி."

"வாய்ப்பா? இவனை யார் கூப்பிட்டா? தானா வந்து உக்காந்துக்கிட்டவன்தானே! உனக்கு இவனுங்களைப் பத்தித் தெரியாது தம்பி. இடம் கொடுத்தா, கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்துடுவானுங்க."

மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று கொழுந்தன் எடுத்துக்கொண்டான். அக்கா படிப்பிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

அலுவலக மாடிக்கு வந்ததும் கொழுந்தன் நேரே இன்ஜினியர் மேசைக்குப் போய், வேன் சாவியை டக்கென்று வைத்தான். "நீங்க தூக்கறதுக்கு முன்னாடி நானே இறங்கிக்கிறேன் சார். பழையவரே வரட்டும்." பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டான்.

இன்ஜினியரும் சந்தேகத்தில் அக்காவுக்கு இளைத்தவர் இல்லை. போட்டிக் கம்பெனிக்காரன் எவனோ ஆளைத் தட்டிக்கொண்டு போய்விட்டான் என்றே முடிவு கட்டினார். அக்காவின் அறைக்குப் போனார்.

"என்னம்மா உங்க தம்பி, இன்னிக்குன்னு பார்த்து சாவியை வெச்சிட்டுப் போறார்? பழையவரே வரட்டுமாம். அந்தப் பெரியவருக்கு வேனே கண்ணுக்குத் தெரியாதே!"

அக்கா அப்போதுதான் பழைய டிரைவர் இருந்த பென்டிரைவைச் செருகிக்கொண்டிருந்தாள். 'பழையவர்' என்றதும் கை நின்றது. காலையில் பேசியது, ஜன்னல், வேன், படிக்கட்டு எல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் வரிசைகட்டின. "அடக் கடவுளே" என்று தலையில் கை வைத்தவள், எதையும் திரும்பிப் பார்க்காமல், கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். அலுவலகமே அதிசயித்தது.

கொழுந்தன் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான்.

"தம்பி, நான் தூக்கறேன்னு சொன்னது உன்னை இல்லப்பா, கம்ப்யூட்டர் டிரைவரை!"

"கம்ப்யூட்டருக்கு டிரைவரா? அதுக்கு எத்தனை சக்கரம் அண்ணி?"

"சத்தியமா இருக்கான்டா!"

"பார்த்தீங்களா, இருக்'கான்'னுதான் சொல்றீங்க. பொருளா இருந்தா இருக்குன்னு சொல்லியிருப்பீங்க. என்னை என்ன, காது குத்திக் கூட்டிக்கிட்டுப் போகப் பார்க்கறீங்களா?"

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதை நம்பாமலே இருந்தவளுக்கு, தான் சொல்வதை ஒருவன் நம்பாதபோது என்ன செய்வது என்று தெரியவில்லை. வாதாடிப் பயனில்லை என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். தன் நாற்காலியில் அவனையே உட்காரவைத்தாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி: இந்த டிரைவரை நீக்கிவிடலாமா?

கொழுந்தன் எழுத்துக் கூட்டிப் படித்தான். திரும்ப ஒரு முறை படித்தான். பெட்டியைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், கம்ப்யூட்டரின் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"இவனா என் வேலைக்கு உலை வெச்சவன்?"

"இவனேதான். அழுத்து."

அழுத்தினான். திரை மங்கி, எழுத்து எல்லாம் பூதம்போலப் பெருத்து, பிறகு அடங்கியது. அக்கா பழையதைப் போட்டு, பள்ளிக்கூடத்தின் மாடிப்படியில் ஏறினாள். இருட்டவில்லை. மொட்டைமாடி வரை வெயில் அடித்தது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. இன்ஜினியர் சாவியைத் திரும்பக் கொடுத்தாரே தவிர முகம் கொடுக்கவில்லை. "அரைகுறையாக் காதுல விழுந்த பேச்சுக்கே சாவியைத் தூக்கி வெச்சவர். நாளைக்கு ஏதோ கோபத்துல வேனை நடுரோட்டுல விட்டுட்டுப் போகமாட்டார்னு நான் எப்படி நம்பறது? நிரந்தரத்தைப் பத்தி யோசிக்கணும்."

"தப்பு என் வாய் மேல சார்" என்றாள் அக்கா. "அவர் கேட்ட மாதிரி கேட்டிருந்தா நீங்களும் சாவியை வெச்சிருப்பீங்க. நான்னா கண்ணாடியையே உடைச்சிருப்பேன்."

கம்ப்யூட்டரை வேனில் ஏற்றினார்கள். பின் இருக்கையில் அதைக் கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு அக்கா. முன்னால் இன்ஜினியர். வழியெல்லாம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கண்ணாடி வழியாக வேவு பார்த்துக்கொண்டே போனார்கள்.

நிர்வாகிகள் திரையில் வகுப்பறை வகுப்பறையாக நடந்தார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, படியில் ஏறி இறங்கினார்கள். தலைவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "காத்து நல்லா வருதே" என்றாராம். வேலை கைக்கு வந்தது.

திரும்பும் வழியில் அக்காவும் இன்ஜினியரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். புதுசு வந்தால் கம்ப்யூட்டர் தகவல் சொல்லலாம், ஆனால் கேட்காமல் உள்ளே வரக்கூடாது. அக்காவும் விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கக்கூடாது. இனிமேல் மென்பொருளை 'அது' என்றுதான் சொல்லவேண்டும்.

வேன் இன்னும் கொஞ்ச தூரம் போனது. இன்ஜினியர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க சொன்னதை யோசிச்சுப் பார்த்தேன். புது டிரைவரையே நிரந்தரமா வெச்சிக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

பின்னால் அக்கா திடுக்கிட்டு எழுந்ததில் தலை வேன் கூரையில் இடித்தது. "எந்த டிரைவரை சார்?"

கொழுந்தனும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதே பதிலுக்குத்தான் காத்திருந்தான்.

"பசிச்சா சாப்பிடறவரை அம்மா!" என்றார் இன்ஜினியர்.