ரம்ஜானன்று பிரியாணி தேடிப் போனது

மசக்கையில் எனக்கு வயிற்றில் எதுவுமே தங்கவில்லை. சோறு கொதிக்கிற வாசனைக்கே குமட்டும். இளைத்துத் துரும்பாகிவிட்டேன். வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். என் கணவருக்கு என்னைவிடப் பயம். அந்த நேரம் பார்த்து நாக்கு பிரியாணி கேட்டது.

"ரம்ஜானுக்கு லீவு வருது, பெங்களூரு போயிட்டு வரலாம். லால்பாக் பூந்தோட்டத்தையும் பாத்துடலாம். பண்டிகை நாள்ல சிவாஜி நகர்ல தெருவுக்குத் தெரு பிரியாணி அண்டா இருக்கும்" என்றார். சேலத்தைத் தாண்டாத மனிதர், நேரில் பார்த்தவர் மாதிரி அளந்தார். நானும் நம்பினேன்.

லால்பாக் முழுக்கப் புதுத்துணிக் கூட்டம். அத்தர் மணம், ஐஸ்கிரீம், ஓடிப் பிடிக்கிற குழந்தைகள். எனக்கு ஒரு பூவும் கண்ணில் படவில்லை. மத்தியானம் சிவாஜி நகர் போய் இறங்கினால், பிரியாணிக் கடை அத்தனையும் ஷட்டர் போட்டுக் கிடந்தது.

ஆட்டோக்காரர் சிரித்தார். "இன்னிக்கு ரம்ஜான் சார். சமைக்கறவங்களும் அவங்கவங்க வீட்ல பண்டிகை கொண்டாட வேணாவா?"

இது நம் புத்திக்கு எட்டவில்லையே! தீபாவளியன்று நம் ஊரில் எந்த மெஸ் திறந்திருக்கிறது? "சரி, சட்டசபைக் கட்டடம், விதான சௌதா பாக்கலாமா?" என்று என் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார். "அதைப் பாத்தா வயிறு ரொம்பிடுமா?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

கோபமாக ஒரு சந்தில் திரும்பி நடந்தேன். மேலே ஒரு வீட்டிலிருந்து தம் உடைத்த வாசனை வந்தது. குமட்டவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். பால்கனியில் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"யாரு வேணும்மா?"

"யாரும் வேணாங்க்கா. உங்க வீட்டு பிரியாணி வாசனைக்கு நின்னுட்டேன்."

இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"எத்தனாவது மாசம்?"

"மூணு."

"அரே, அப்ப வெயில்ல ஏன் நிக்கறே? அவரையும் கூட்டிக்கினு மேல வா."

பாயில் உட்கார வைத்துப் பரிமாறினார்கள். இவர் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதலில் கொஞ்சமாக, பிறகு கை நிறைய அள்ளிச் சாப்பிட்டேன். எல்லாம் தங்கியது. தட்டு காலியானதும் வெட்கமே இல்லாமல் கேட்டேன், "அக்கா, இன்னும் கொஞ்சம் போடுங்க."

இவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அந்த அம்மா பதறித் தண்ணீரை நீட்டினார்.

"காரம் ஜாஸ்திங்களா?"

"ஆமாங்க" என்றார். இவர் இன்னும் ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை.