தொடாமல் வாசிக்கிற பெட்டி

வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த பெட்டியை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. யாரையும் எளிதில் நம்பாத வயது என்று சொல்லலாம், அல்லது முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் அந்த வயதுதான் என்றும் சொல்லலாம். பெட்டியின் வலப்பக்கம் ஒரு நிமிர்ந்த கம்பி, இடப்பக்கம் ஒரு வளைந்த கம்பி. மாமா இரண்டையும் தொடமாட்டார். காற்றில் கையை அசைப்பார், பெட்டி அழும். தெரமின் என்ற வாத்தியமாம். தொடாமல் வாசிக்கிற வாத்தியம் எந்த ஊரில் இருக்கிறது?

சண்டை முடிந்த பிறகு எங்கள் பக்கம் மெசினோடு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் தேடினார்கள்: இடம்பெயர்ந்தபோது சனங்கள் மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போன நகை. தங்கம் கிட்ட இருந்தால் மெசின் கத்தும் என்பது எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த விஞ்ஞானம். அம்மாவும் தாலிக்கொடி தவிர மற்றதையெல்லாம் வளவுக்குள் புதைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து இடம் பிடிபடாமல் நின்றவர். ஆகவே மாமா எதற்கு வந்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அம்மா தாலிக்கொடியோடு கிட்ட வந்தால் பெட்டியின் குரல் ஏறியது. வெறுங்கழுத்தோடு நான் போனாலும் ஏறியதுதான். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

உளவு பார்க்கத்தான், "எனக்கும் பழக்குங்கோ மாமா" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததைக் கண்டு சந்தேகம் இன்னும் கூடியது.

"ஒண்டையும் தொடாதை பிள்ளை. ஆடாமல் நில். மூச்சையும் மெல்ல விடு."

வலது கை கம்பியை நெருங்கினால் சுருதி ஏறும். இடது கையை வளையத்துக்கு மேலே உயர்த்தினால் சத்தம் கூடும். கட்டையும் இல்லை, தந்தியும் இல்லை, 'ச' எங்கே இருக்கிறது என்று காற்றில்தான் தேட வேண்டும். நுளம்பு கடித்துத் தோளைக் குலுக்கினால் 'ச' ஓடிவிடும். நான்காம் நாள் அது என் விரல் நுனியில் அசையாமல் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெட்டி எனக்குப் பிடித்துப்போனது, அதற்காகவும் மாமா மேல் கோபம் வந்தது. இரண்டு கிழமையில் ஒரு தேவாரத்தின் முதல் வரி பிசகாமல் வந்துவிட்டது.

இவ்வளவையும் வாய்க்குள் வைத்திருக்க முடியுமா? வகுப்பில் பக்கத்தில் இருந்தவளிடம் மட்டும், "எங்கட மாமாட்டைத் தங்கம் பாக்கிற மெசின் இருக்கு" என்றேன். மூன்றாம் நாள் சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அம்மா கதிரை போட்டார், தேத்தண்ணீர் கொடுத்தார். அவர்களும் மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"வாத்தியம் எண்டால் ஒரு பாட்டு வாசியுங்கோ, பாப்பம்."

மாமா எழுந்து நின்றார். அவருடைய கை நடுங்கியது. வேறு வாத்தியம் என்றால் எப்படியாவது சமாளித்திருப்பார். இதுவோ நடுக்கத்தை ஊருக்கே கேட்கச் சொல்கிற சாமான். பெட்டி ஊளையிட்டது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா என்னைப் பார்த்தார்.

"பிள்ளை வாசிப்பாள் ஐயா. வடிவா வாசிப்பாள்."

என் கை நடுங்கவில்லை. அந்த ஒரு வரியை வாசித்திருந்தால் போதும். ஆனால் கள்ளன் பிடிபட்டான் என்ற சந்தோசத்தில் நான், "எனக்கு உது தெரியாது" என்றேன்.

பெட்டியையும் மாமாவையும் கொண்டுபோனார்கள். பின்னேரம் மாமா மட்டும் திரும்பி வந்தார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. அந்தக் கிழமையே வெளிக்கிட்டுப் போனவர், பிறகு வரவே இல்லை.

வெளிநாடு போவதற்கு முன்பு மாமா இரண்டு வருடம் தடுப்பு முகாமில் இருந்தவர் என்பதை, நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னார். அப்போதும் இப்படித்தான் இரண்டு பேர் வந்து, கதிரையில் இருந்து, மரியாதையாகக் கேட்டார்களாம். எனக்கு அது தெரியாது. பிழை செய்தவனுக்குத்தான் கை நடுங்கும் என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன்.