தோளில் தெரிந்த கனம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் விஜயபாண்டிக்கு எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்த்தால்தான் மனசு ஆறும். கனமாக இருந்தால் நல்ல சாமான், இல்லாவிட்டால் தகரம். பெண் பார்க்க வந்த இடத்திலும் காப்பித் தம்ளரைத் தூக்கி எடை பார்த்த மனுஷன் என்று அவர் மனைவி செல்வலட்சுமி இன்றைக்கும் கேலி பேசுவாள்.

பள்ளிக்கூடம் போக முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் படிப்பிக்கிற வேலை செல்வலட்சுமிக்கு. வ. புதுப்பட்டி, பிளவக்கல் என்று ஊர் ஊராக பஸ் ஏறி இறங்குவாள். படம் காட்டவும் அறிக்கை அடிக்கவும் ஒரு பழைய லேப்டாப். அதன் சார்ஜரே ஒரு செங்கல் கனம். கழுத்து எலும்பு தேய்ந்துபோய், "ஒண்ணு சுமையை விடுங்க, இல்ல வேலையை விடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி இருப்பது என்று அழுது தீர்த்தாள்.

பிறகு ராஜபாளையத்தில் இம்மானுவேல் என்பவரின் கம்ப்யூட்டர் கடையில் மலிவாக ஒரு குட்டி லேப்டாப் வாங்கி வந்தாள். விஜயபாண்டி அதைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏட்டி, அப்பளக்கட்டு கணக்கா இருக்கு! உள்ள ஒண்ணுமே இல்லாம உன் தலையில கட்டிட்டான்."

"எனக்கு இது போதுங்க."

கேட்பாரா? மறுநாள் அவளுக்குத் தெரியாமல் இம்மானுவேலிடம் போய், மேலே பணம் கொடுத்து, கடையிலேயே கனமானதாகப் பார்த்து மாற்றிக்கொண்டு வந்தார். எல்லாம் பாசத்தில்தான்.

"தூக்கிப் பாரு, சாமான்னா இது!"

செல்வலட்சுமி தூக்கிப் பார்த்தாள். ஒரு கை தன்னால் கழுத்துக்குப் போனது. எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் கை கழுத்துக்குப் போனது அவரை என்னவோ செய்தது. காலையில் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். தேரடி தாண்டுவதற்குள் தோளை மாற்றினார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் மாற்றினார். அட கிறுக்கா, கடையில் நீ தூக்கிப் பார்ப்பது ஒரு நொடி, இவள் சுமப்பது நாள் பூராவும் அல்லவா! தன்மேலேயே அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"நீ இன்னைக்கு இது இல்லாம போ. நான் ராஜபாளையம் போயிட்டு வாரேன்" என்று லேப்டாப்பை உருவிக்கொண்டு, பையை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடி பஸ் ஏறினார். இம்மானுவேல் சிரித்த சிரிப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டு அந்தக் குட்டி லேப்டாப்பையே திரும்ப வாங்கி வந்தார்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் பிளவக்கல்லிலிருந்து திரும்பிய செல்வலட்சுமி, பையைக்கூட இறக்கி வைக்காமல் பேச ஆரம்பித்தாள்.

"எங்கிட்டப் படிக்கிற அந்த சதீஷ் பயலுக்குக் காலு குச்சியா இருக்கும்லங்க. பழசை மடியில வச்சா நோகும்னு நாந்தான் பிடிச்சுக்கிட்டே இருப்பேன். இன்னைக்கு அவனே மடியில வச்சு, ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி, அவன் பேர அடிச்சுட்டான்! சார்ஜ் இன்னும் எம்புட்டு மிச்சம் இருக்கு தெரியுமா?"

"அதெல்லாம் இருக்கட்டும். கழுத்து?"

அப்போதுதான் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அட, அத மறந்தே போனேங்க."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார் விஜயபாண்டி.