தாயத்துக்குக் கீழே

பூனாகலைத் தோட்டத்துச் சந்திரவதனிக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளை பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சிங்களத்தில் ஏதோ சொல்லி ஒரு தாளை நீட்டினாள். பக்கத்துக் கட்டில்காரி போட்டாளே என்று இவளும் கையெழுத்துப் போட்டாள். இவள் இடது மேல்கையில் ஊசி குத்தி, மரத்துப்போன இடத்தில் பிளாஸ்டர் ஒட்டினார்கள். சத்தூசி என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வயிற்றில் எதுவும் தரிக்கவில்லை. "ஒண்ணோட ஓஞ்சு போனவ" என்று மாமியார் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். கோயிலில் மந்திரித்த தாயத்தை மருமகளின் இடது கையில் அவளே இறுக்கிக் கட்டினாள். ஐந்து வருஷம் அந்தக் கயிற்றோடுதான் சந்திரவதனி கொழுந்து பறித்தாள். ஆறாம் வருஷம் புருஷன் ஹாலிஎலையில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டான். அங்கே ஆண் பிள்ளையாம்.

போன வாரம் தோட்டத்துக்குப் புதிதாக வந்த மருத்துவிச்சி தமிழ்ப் பெண். பிரஷர் பார்க்கத் தாயத்தை மேலே தள்ளியபோது அவள் விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

"அக்கா, கருத்தடைக் குச்சி இன்னும் கையிலேயே இருக்கே! அஞ்சு வருஷத்துல எடுக்கணும்னு யாரும் சொல்லலையா?"

சந்திரவதனி தடவிப் பார்த்தாள். தோலுக்கடியில் தீக்குச்சி கணக்காக இரண்டு. தாயத்து கிடந்த இடத்துக்கு நேர் கீழே.

"பயப்படாதீங்க, எடுத்துடலாம்."

"எடுங்க மிஸ். ஆனா தூக்கிப் போட்டுறாதீங்க, என் கையில குடுங்க. இந்தத் தாயத்தோட சேத்து மாமியா கழுத்துல கட்டணும்."