குறிப்புக் கட்டம்

கோவில்பட்டியில் ஒரு பார்சல் லாரி ஆபீசில் புக்கிங் பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் அனுப்புகிறவர், பெறுகிறவர், எடை எல்லாம் அடித்த பிறகு, குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். ‘உடையும் பொருள்’, ‘நனையக் கூடாது’ என்று அதில் எழுதுவோம்.

இங்கிருந்து கடலை மிட்டாய்ப் பெட்டிகள் ஓசூருக்கு நிறையப் போகும். அந்த ஊர் ஆபீசில் இருந்தவர் விளாத்திகுளத்துப் பெண். ஒருமுறை அங்கிருந்து வந்த பார்சலின் குறிப்பில், ‘அங்கன மழை உண்டா? எங்க அண்ணன் மிளகாய் போட்டிருக்கான், கேட்டா சொல்ல மாட்டான்’ என்று இருந்தது. ‘நேற்று விளாத்திகுளம் பக்கம் நல்ல மழை’ என்று அடுத்த பார்சலில் எழுதினேன். அப்படித்தான் தொடங்கியது. முகம் பார்த்ததில்லை. மேஜையில் போன் இருந்தும் கூப்பிட்டதில்லை. பெண்களிடம் எனக்குப் பேச்சு வராது. எழுத வந்தது.

பிறகு தலைமை ஆபீசில் புரோகிராமை மாற்றினார்கள். எங்கள் கம்ப்யூட்டர் பழசு, புதியதை ஏற்கவில்லை. பழையதையே வைத்து ஓட்டச் சொன்னார்கள். பார்சல்கள் ஒழுங்காகத்தான் போயின. அவர் குறிப்புகள் மட்டும் நின்றுவிட்டன. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மிளகாய்ச் செடி பூத்தது, பழம் பறிக்கிறார்கள், உங்களுக்கு உடம்புக்கு ஏதுமா? பதில் இல்லை. என்ன தப்பாக எழுதிவிட்டேன் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

ஓசூரில் ஓர் ஊறுகாய் ஜாடி உடைந்தது. ‘கவிழ்க்கக் கூடாது’ என்று நான் எழுதியது அங்கே வரவே இல்லையாம். தலைமை ஆபீசிலிருந்து ஒரு தம்பி புதுக் கம்ப்யூட்டரோடு வந்தான்.

“உங்க பக்கம் பழசு, சர்வர் புதுசு அண்ணாச்சி. குறிப்புக் கட்டத்தை இடம் மாத்திட்டாவ. நீங்க அனுப்புததுல தனக்குத் தெரிஞ்சத எடுத்துக்கிட்டு, தெரியாதத கீழ போட்டுரும்.”

“ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“சொல்லாது. வேண்டாதது காதுல விழாத மாப்பிள்ளை மாதிரி.”

“அப்போ நான் எழுதுனதெல்லாம்?”

“எடுத்து வச்சிருந்தாத்தான இருக்கும்? ஓசூர்ல அவிய எழுதுனது சர்வர்ல இருக்கு. உங்க பழசுக்கு அதைக் காட்டத் தெரியல, அம்புட்டுதான்.”

அவன் டீ குடிக்கப் போனதும் புதுக் கம்ப்யூட்டரில் ஓசூரிலிருந்து வந்த பார்சல்களின் பதிவுகளைத் திறந்தேன். எல்லாவற்றிலும் எழுதியிருந்தார். மழை உண்டா என்று கேட்டிருந்தார். கோபமா என்று கேட்டிருந்தார். பிறகு, ‘சரி, தொந்தரவு பண்ணல’. அதற்குப் பின் கொஞ்ச நாள் ‘நனையக் கூடாது’ மட்டும். கடைசியாக, ‘மக வீட்டுக்குப் போறேன். இனி வேலைக்கு வர மாட்டேன்.’

முதல்முறையாக ஓசூருக்குப் போன் போட்டேன். ஓர் இளைஞன் எடுத்தான்.

“அக்கா நின்னுட்டாங்க சார். நீங்க?”

“கோவில்பட்டி புக்கிங்.”

“ஓ, நீங்கதானா அது! பதில் போடாத மகராசன்னு திட்டிட்டே இருப்பாங்க.”

அவர் நம்பரைக் கேட்க வாய் வரவில்லை.

“அவங்க அந்தப் பக்கம் வந்தா ஒண்ணு சொல்லுங்க தம்பி,” என்றேன். “எழுதுனேன்னு சொல்லுங்க. நிறுத்தவே இல்லைன்னு.”

“என்ன எழுதுனீங்க சார்?”

கவுண்டரில் ஒருவர் பெட்டியோடு வந்து நின்றார். போனை வைத்துவிட்டேன்.