எழுத்துக்கு அடியில்

மதினி அந்த எழுத்தின் மேல் மவுஸை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 'குற்றால நினைவு' என்று ரோஸ் நிறத்தில் கொட்டை எழுத்து. தட்டினால் கர்சர் மினுங்க வேண்டும், அழிக்கவோ மாற்றவோ விட வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாள், ஃபாண்ட் இல்லையோ என்று பார்த்தாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டும் பார்த்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "கொழுந்தனாரே, இங்கன ஒரு லேயர்தான கெடக்கு. மத்ததெல்லாம் எங்க?" என்றாள்.

மெயினருவிக்குப் போகும் வழியில் எங்கள் ஸ்டூடியோ. அருவிக்கரையில் நான் படம் எடுப்பேன், என் அண்ணன் மனைவியான மதினி கடையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்து பிரிண்ட் போடுவாள். லேயர் என்பது கண்ணாடித் தாள் மாதிரி. ஆட்கள் ஒரு தாளில், எழுத்து அதற்கு மேல் தாளில். தாள்கள் தனித்தனியாக இருக்கிறவரை எழுத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சாரல் அடிக்கும் சீசனில் ஃபைல் மலையாகக் குவியும், இடம் பற்றாது. அதனால் எல்லாத் தாளையும் ஒன்றாக ஒட்டி சேவ் பண்ணிவிட்டு, கேமரா கார்டை அன்றன்றே துடைத்துவிடுவது என் வழக்கம். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேசைக்கு அந்தப்பக்கம் சுரண்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முந்தின சீசனில் பெண்டாட்டி, மகன், மகளோடு வந்து என்னிடம் படம் எடுத்துக்கொண்டவர். அந்தப் பாப்பா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்ததில், மூக்குக்குக் கீழே முகம் முழுக்க எழுத்து ஏறிவிட்டது. நானும் கவனிக்கவில்லை, பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அவர்களும் கவனிக்கவில்லை. அடுத்த மாதமே பாப்பா காய்ச்சலில் போய்விட்டது. படங்கள் இருந்த செல்போன் அதற்கு முன்பே தண்ணீரில் விழுந்து செத்திருந்தது. வருஷத் திதிக்குப் பெரிதாகப் போட்டு மாட்ட, கைக்குழந்தைப் படங்களை விட்டால், வளர்ந்த முகம் என்று அவர்களிடம் இருந்தது இது ஒன்றுதான்.

"எழுத்த மட்டும் எடுத்துருங்கம்மா, போதும். பாப்பா மொகம் அடியிலதான இருக்கு?" என்றார். அடியில் ஒன்றுமே இல்லை என்பதை அவரிடம் யார் சொல்வது? நான் தொண்டையைச் செருமினேன். மதினி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாளக்கழிச்சு வாங்க அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டாள்.

புதிதாக வந்த சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. வேண்டாத இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டால் மிஷினே அங்கே எதையாவது வரைந்து நிரப்பிவிடும். மதினி எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். முதலில் வந்த வாயில் பெரிய மனுஷிப் பல். அடுத்ததில் உதடே இல்லை, வெறும் தோல். இரண்டு பேரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டோம். எத்தனையாவது தடவையோ, ஒரு சிரிப்பு வந்தது. முன்பல் ஒன்று விழுந்த ஓட்டைச் சிரிப்பு. அவ்வளவு அழகு. அந்தச் சிரிப்பு எங்கே இருந்து வந்தது என்று நினைத்தபோது என் கை மயிரெல்லாம் குத்திட்டது.

படத்தைப் பார்த்ததும் அந்த மனுஷன் ஓவென்று அழுதார். "எம் புள்ளதான். பல்லு விழுந்தது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். மதினியின் முகம் வெளுத்துவிட்டது. அவர் போன பிறகும், "நாம சொல்லலியே, அதுவா எப்படி வரும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில், கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு மத்தியானம், அவருடைய பெண்டாட்டி தனியாக வந்தார். சேலையில் சுற்றிய பிரேமை மேசையில் கவிழ்த்து வைத்தார், திருப்பவில்லை. "எம் புள்ளைக்கு ஆறு வயசுகூட முடியல. ஒரு பல்லும் விழலம்மா" என்றார்.

மதினி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவரே சொன்னார். "அவுக தெனமும் இதுகிட்ட பேசுதாக. விழுந்த பல்லச் சாணியில பொதிஞ்சு ஓட்டு மேல எறிஞ்சாகளாம், பாப்பா கைகொட்டிச் சிரிச்சாளாம். அப்படி ஒண்ணும் நடக்கவே இல்ல. ஆனா கேட்டுக் கேட்டு... நேத்து ஏணி போட்டு ஏறி நானே ஓட்டு மேல தேடிட்டேன். கண்ண மூடுனா இந்தச் சிரிப்புதான் வருது. எம் புள்ள எப்படிச் சிரிப்பான்னு எனக்கு வரமாட்டேங்குது."

இதை எடுத்துவிட்டு அதே பிரேமில் மாட்ட, பழைய படத்தை எழுத்தோடு அப்படியே போட்டுத் தரச் சொன்னார். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய ஃபைலைத் திறந்து பிரிண்ட் போட்டாள். மிஷின் வரைந்த படத்தின் ஃபைலை அவர் கண்முன்னாலேயே அழித்தாள். அதற்கப்புறம் அவள் எந்த முகத்திலும் கை வைத்ததில்லை. இப்போது தென்காசியில் ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகை மட்டும் அடிக்கிறாள், படம் போடாத பத்திரிகை. ஒருமுறை ஏன் மதினி என்று கேட்டதற்கு, "எழுத்துன்னா நான் அடிச்சதுதான் வருது, கொழுந்தனாரே" என்றாள்.

அன்று அந்த அம்மாள் புதுப் பிரிண்டை வாங்கி, ரோஸ் எழுத்தின் மேல் விரலால் மெதுவாகத் தடவினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்கதான தம்பி எடுத்திய? நேர்ல பாத்தவுக நீங்க. பல்லெல்லாம் இருந்துச்சுல்லா?"

நான் கண்ணை மூடி யோசித்தேன். அருவிச் சத்தம், ஈரத் தலைகள், முன்னால் குத்தவைத்த பாப்பா. கேமராவைப் பார்த்துச் சிரித்தது. முன்பல் ஒன்று இல்லை.

"இருந்துச்சுக்கா. எல்லாப் பல்லும் இருந்துச்சு" என்றேன்.