இழுப்பு மாத்திரை

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடி மாறியிருந்தது. மருந்து அலமாரியில் ஒட்டியிருந்த பிரெஞ்சுச் சீட்டுகள் மாறவில்லை. அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த தமிழ் நர்சுகளில் நானும் ஒருத்தி. வயது இருபத்துநாலு. சாரம் கிராமத்திலிருந்து நடந்தே வேலைக்கு வருவேன். ஆண்கள் வார்டில் எனக்குப் பகல் முறை.

மார்கழியில் ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். பொங்கலுக்காகக் கடற்கரைப் பக்கத்து மாடிவீடு ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர், ஏணி சறுக்கி முதுகு அடிபட விழுந்திருந்தார். அரியாங்குப்பத்துக்காரர். முப்பது வயதிருக்கும். விரலிடுக்குகளில் சுண்ணாம்பு தின்ற வெடிப்புகள். தேங்காயெண்ணெய் தடவித்தடவி ஒரு வாரத்தில் அவற்றை ஆற்றினேன். அவர் உடம்பில் நான் ஆற்றியது அந்த ஒன்றைத்தான்.

தொப்புளுக்குக் கீழே அவருக்கு எந்த உணர்ச்சியும் இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. கால்கள் நனைத்துப் போட்ட துணிபோலக் கிடந்தன. சிறுநீரைக் குழாய் வைத்து எடுத்தோம். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் ஸ்பிரிட் தேய்த்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்போம்.

அவருடைய மனைவி கைக்குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டுத் தினமும் காலையில் ஆற்றைத் தாண்டி வந்துவிடுவாள். வந்ததும் அவருடைய கால் கட்டைவிரலை அழுத்திப் பிடிப்பாள்.

“தெரியுதா?”

“இல்ல.”

“இப்ப?”

“எங்க புடிச்சிருக்கே?”

விரலை விட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறப்பாள். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசமாட்டார்கள். மறுநாள் மறுபடியும் பிடிப்பாள்.

ஆறாவது வாரம், நான் ஈரத்துணியால் அவர் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வலது கால் வெடுக்கென்று உதறியது. கையிலிருந்த கிண்ணம் தெறித்து விழுந்தது. கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து என் ஈரக்கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“நர்சம்மா, கால் ஆடிச்சி. நீங்களும் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்மா” என்று சொல்லிச் சிரித்தேன்.

அது என்ன ஆட்டம் என்று எனக்குத் தெரியும். முதுகுத்தண்டு அறுந்தவர்களுக்குச் சில வாரம் கழித்து இப்படி வரும் என்று டாக்டர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். மூளைக்கும் காலுக்கும் தொடர்பு போனபின் கால் தன்போக்கில் இழுத்துக்கொள்கிறது. அவர் காலை ஆட்டவில்லை, அது தானாக ஆடுகிறது. அது நடப்பதற்கான அறிகுறி இல்லை. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றரை மாதத்தில் அவள் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் கோயிலில் தேங்காய் உடைத்து வந்து, வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

மாசி பிறந்தபோது இழுப்பு முற்றிவிட்டது. போர்வை பட்டால் போதும், முழங்கால்கள் நெஞ்சுக்கு ஏறும். குதிகால்கள் விரிப்பில் உரசி உரசித் தோல் வழன்றது. ஒருநாள் இழுத்த இழுப்பில் கட்டிலிலிருந்தே விழுந்தார். முறிந்த இடத்துக்கு மேலே முதுகில் தீயை வைத்ததுபோல எரிகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்.

டாக்டர் வலிக்கு ஆஸ்பிரின் எழுதினார். இழுப்புக்கு மெபெனசின் மாத்திரை, ஒரு நாளைக்கு நாலு வேளை. நாலைந்து நாளில் கால்கள் அடங்கின. அவருக்குப் பேச்சு கொஞ்சம் குழறியது, பகலிலும் கண் சொக்கியது. ஆனால் முழங்காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க முடிந்தது. குதிகால் புண்ணும் காயத் தொடங்கியது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அவளுக்கு இல்லை. “என்னா குடுக்கறீங்க நர்சம்மா? கால் ஆடவே மாட்டேங்குது.”

“இழுப்பு கொறையறதுக்கு மாத்திர.”

“ஆடுனாத்தான நடப்பாரு?”

“டாக்டர் பாத்துதான் குடுக்கறாரு” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரமே இழுப்பு திரும்பியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்படியும் அடங்கவில்லை. குதிகால் புண் மறுபடி திறந்தது. இடுப்பெலும்பின் மேல் புதிதாக ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு. மாத்திரையில் சத்து போய்விட்டதோ என்று வார்டைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரி, நாங்கள் மாசேர் என்று கூப்பிடுவோம், புட்டியை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

ஒருநாள் மத்தியானம் அவள் கைகழுவப் போயிருந்தாள். தூக்குச்சட்டியைக் கழுவி வைக்கலாமே என்று எடுத்தேன். மூடிக்குள் ஒரு துணிமுடிச்சு இருந்தது. அவிழ்த்தால் மாத்திரைகள். சில பாதி கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நான் கொடுக்கும்போது அவர் நாக்கடியில் ஒதுக்கிவைத்து, நான் நகர்ந்ததும் அவளிடம் துப்பியிருக்கிறார்.

மாசேரிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. “நீ அவளிடம் எதையும் சொல்லவில்லையா?” என்று மட்டும் கேட்டார். “போய்ச் சொல்.”

அவளைத் தாழ்வாரத்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் எனக்குச் சொன்ன அத்தனையையும் சொன்னேன். கால் தானாக ஆடுவதையும், அவர் இனி நடக்கப்போவதில்லை என்பதையும், மாத்திரை சாப்பிடாததால்தான் புண் பெருத்துவிட்டது என்பதையும். கடைசியாகச் சொன்னதை நான் விட்டிருக்கலாம்.

அவள் அழவில்லை. நான் திருப்பிக் கொடுத்த மாத்திரை முடிச்சைத் திரும்பத்திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்ப அன்னிக்கி ஏன் சிரிச்சீங்க?”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருகி மூடினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு மாத்திரையை அவளே கொடுத்தாள். இப்போது அவர்தான் மறுத்தார். “கால் போவுதுடி. குடுக்காதே” என்று தலையைத் திருப்பிக்கொள்வார். அவள் இடது கையால் தாடையைப் பிடித்து, “சும்மா முழுங்குங்க” என்பாள். விழுங்கியபின் வாய்க்குள் விரல் விட்டுத் துழாவிப் பார்ப்பாள். காரணத்தை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. தன்னை நடக்கவிடாமல் செய்பவள் அவள்தான் என்று அவர் நினைத்தார். அவள் நினைக்க விட்டாள். கட்டைவிரலைப் பிடித்துப் பார்ப்பதும் நின்றுபோனது.

மாத்திரை அடக்கக்கூடிய கட்டம் தாண்டிவிட்டது. தினமும் காய்ச்சல். இடுப்புப் புண்ணில் எலும்பு தெரிந்தது. பென்சிலின் போட்டோம், புண்ணைக் கழுவிக் கட்டினோம். சித்திரையில், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு புட்டி மாத்திரையையும் கட்டுத்துணியையும் அவளிடம் கொடுத்து, எப்படிப் புரட்ட வேண்டும் என்று காட்டினேன். என்னைவிட நன்றாகவே அவளுக்குத் தெரிந்திருந்தது. மருந்து தீரும்போதெல்லாம் வந்து வாங்கிக்கொண்டு போவாள். நின்று பேசமாட்டாள்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பத்துக்குப் போனேன். அவர் ஒருக்களித்துக் கிடந்தார். முழங்கால்கள் நெஞ்சில் முட்டி, குதிகால்கள் பின்புறத்தைத் தொட்டு, குழந்தைபோல மடிந்திருந்தார். வெந்நீர் ஒற்றடம் கொடுத்து நீட்டப் பார்த்தேன். ஒரு விரற்கடைகூட வரவில்லை. தசை கயிறாகியிருந்தது.

“வலிக்குதா?” என்று வழக்கப்படி கேட்டுவிட்டேன்.

“காலு வலிக்கல நர்சம்மா. வலிச்சா நல்லா இருக்கும்” என்றார்.

புண்ணைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன். அவள் வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் எத்தினி நாளிக்கி?” என்றாள்.

“ரெண்டு வாரத்துக்கு இருக்குது. தீந்ததும் வா.”

“நான் மாத்திரயக் கேக்கல.”

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை.

ஐப்பசி மழையில் அவர் போய்ச் சேர்ந்தார். கால்களை நீட்ட முடியாமல் மடங்கினபடியே எடுத்துப்போனார்கள் என்று, மருந்துக்கு வந்த அரியாங்குப்பத்து அம்மாள் ஒருவர் சொன்னார். அவள் குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். அது எந்த ஊர் என்று கேட்கத் தோன்றி, கேட்காமல் இருந்துவிட்டேன்.

மறுவருஷம் தவளக்குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். பாரவண்டி கவிழ்ந்து முதுகில் அதே இடத்தில் முறிவு. துணைக்கு அவருடைய அண்ணன் இருந்தார். தம்பியின் கால் முதல்முறை உதறியபோது, “பாருங்கம்மா” என்று அவர் கையை நீட்டினார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. அப்போதே வெளியே அழைத்துப்போய், நிதானமாக, ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையசைத்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மாத்திரைக்கு இழுப்பு நன்றாகவே கேட்டது, புண்ணும் வரவில்லை. அண்ணன் எப்ப வருவாரு என்று அந்த மனிதர் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வேளையும் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே, வருவாரு என்று நான் சொல்லிவந்தேன்.